டைல் ஒட்டுவதற்கு முன்

அம்மா குளிக்கப் போனால் நான் கதவுக்கு வெளியே நிற்பேன். உள்ளே பக்கெட் நகரும் சத்தமும் மக் இடிபடும் சத்தமும் கேட்டுக்கொண்டிருந்தால் நிம்மதி. சத்தம் நின்றுபோனால் "என்னம்மா?" என்று குரல் கொடுப்பேன். "ஒண்ணுமில்லல, சோப்பு போடுதேன்" என்று பதில் வரும்.

அம்மாவுக்கு 74 வயது. இரண்டு முழங்காலிலும் தேய்மானம். எங்கள் வீட்டு டப்பின் விளிம்போ தரையிலிருந்து 15 அங்குல உயரம். ஒரு காலைத் தூக்கி உள்ளே வைத்து, சுவரைப் பிடித்துக்கொண்டு அடுத்த காலையும் தூக்க வேண்டும். முதல் நாளே கேட்டாள்: "ஏல, குளிக்கதுக்கு எதுக்குல சுவர் ஏறிக் குதிக்கணும்?"

நான் இருப்பது கலிபோர்னியாவில், பே ஏரியாவின் தென்கோடியில். வீடு 1972-இல் கட்டியது, முழுக்க மரம். ஊரிலிருந்து வரும் பெற்றோர் எல்லோருக்கும் இங்கே பாத்ரூமில் ஒரு வகுப்பு எடுக்க வேண்டியிருக்கும். நம் ஊர் பாத்ரூமில் தரை சரிவாக இருக்கும், மூலையில் தண்ணீர் போக ஓட்டை இருக்கும். எங்கே ஊற்றினாலும் அது தன் வழியைப் பார்த்துக்கொண்டு போய்விடும். இங்கே தண்ணீருக்கு டப்புக்குள் மட்டும்தான் அனுமதி. டப்புக்கு வெளியே ஒரு சொம்புத் தண்ணீர் சிந்தினால் அது போக வழியே கிடையாது. டைல் இடுக்கில் இறங்கி, கீழே இருக்கும் மரப்பலகையில் போய் உட்கார்ந்துகொள்ளும். அம்மா ஒவ்வொரு முறையும் குளித்து முடித்து, பழைய துண்டால் தரையைத் துடைத்துவிட்டு, ஏதோ குற்றம் செய்தவள் மாதிரி வெளியே வருவாள். அதைப் பார்த்துத்தான் முடிவு செய்தேன்: டப்பை எடுத்துவிட்டு, நடந்து உள்ளே போகிற மாதிரி ஷவர் கட்டிவிடுவது.

பார்சலா, இங்கேயே சாப்பிடறீங்களா?

மூன்று கான்ட்ராக்டர்களைக் கூப்பிட்டு விலை கேட்டேன். முதலில் வந்தவர் டேப்பை நீட்டி அளந்துகொண்டே, "பெர்மிட்டோடவா, பெர்மிட் இல்லாமலா?" என்று கேட்டார். ஓட்டலில் பார்சலா, இங்கேயே சாப்பிடறீங்களா என்று கேட்பார்களே, அந்தத் தொனி. நகராட்சி அனுமதி இல்லாமல் என்றால் விலையும் குறைவு, நாளும் குறைவு. பாதிப் பணம் முன்பணமாக வேண்டும் என்றார்.

எங்கள் தமிழ்ச் சங்க வாட்ஸ்அப் குழுவில் கேட்டேன். ஐந்து நிமிஷத்தில் முப்பது அறிவுரை. "பாத்ரூமுக்கெல்லாம் யாருங்க பெர்மிட் எடுக்கறாங்க?" என்றார் ஒருவர். "எடுத்தா பிராப்பர்ட்டி டாக்ஸ் ஏத்திருவான்" என்றார் இன்னொருவர். "இன்ஸ்பெக்டர உள்ள விட்டா வீடு பூரா நோண்டுவான்" என்று மூன்றாமவர்.

டாக்ஸ் விஷயத்தை முதலில் பார்த்துவிடுகிறேன், அதுதான் எல்லோரையும் பயமுறுத்துகிறது. பெர்மிட் விவரம் கவுண்டி மதிப்பீட்டாளருக்குப் போவது உண்மை. ஆனால் 1978-இல் வந்த ப்ரொபொசிஷன் 13 இருக்கிறதே, அதன்படி வீட்டின் வரி மதிப்பு வருஷத்துக்கு 2 சதவீதத்துக்கு மேல் ஏற முடியாது. புதிதாக ஓர் அறை சேர்த்தால் சேர்த்த பகுதிக்கு மட்டும்தான் புது மதிப்பு, முழு வீட்டுக்கும் அல்ல. இருக்கிற பாத்ரூமைப் பழுது பார்ப்பது பொதுவாக அந்தக் கணக்கில் வருவதில்லை. ஓட்டிலிருந்து அஸ்திவாரம் வரை வரி ஏறிவிடும் என்பதெல்லாம் வாட்ஸ்அப் கதை.

அடுத்து, எதற்கு பெர்மிட் வேண்டும், எதற்கு வேண்டாம்? பெயிண்ட் அடிக்க, டைல் மாற்ற, கண்ணாடி மாட்ட, அலமாரி மாற்ற வேண்டாம். மேலே தெரிகிற வேலைகள் எல்லாம் விலக்கு. குழாயை நகர்த்தினால், ஒயர் இழுத்தால், சுவரைப் பிரித்தால் வேண்டும். டப்பை ஷவராக மாற்றுவது இதில் எந்தப் பக்கம்? டப் டிரெயின் குழாய் ஒன்றரை அங்குலம் போதும். ஷவருக்கு 2 அங்குலம் வேண்டும். டப்பில் தண்ணீர் சற்றுத் தேங்கினாலும் விளிம்பு உயரம் காப்பாற்றும். ஷவரில் தேங்கினால் நேரே அறைக்குள் வரும். ஆக, தரைக்குக் கீழே இருக்கிற குழாயையே மாற்றியாக வேண்டும். பெர்மிட் கட்டாயம்.

மூன்றாவதாக வந்தவரிடம் வேலையைக் கொடுத்தேன். அவர் முதலில் தந்தது தன் லைசன்ஸ் எண். கலிபோர்னியாவில் கான்ட்ராக்டர்ஸ் ஸ்டேட் லைசன்ஸ் போர்டு தளத்தில் அந்த எண்ணைப் போட்டால் லைசன்ஸ் உயிரோடு இருக்கிறதா, பாண்ட் கட்டியிருக்கிறாரா, வேலையாட்களுக்குக் காப்பீடு உண்டா எல்லாம் வரும். அப்போதுதான் இன்னொன்றும் தெரிந்தது. வீட்டு வேலைக்கு முன்பணமாக 10 சதவீதம் அல்லது 1000 டாலர், இதில் எது குறைவோ அதற்கு மேல் வாங்கக் கூடாது என்பது சட்டம். பாதிப் பணம் கேட்ட முதல் ஆளை நினைத்துக்கொண்டேன்.

கிராஃப் தாளும் 13 அங்குலமும்

விண்ணப்பத்தை கான்ட்ராக்டரே போடுவதாகச் சொன்னார். வரைபடத்துக்குத் தனியாகக் காசு கேட்டதால், "நானே வரைகிறேன்" என்று வீரமாகச் சொல்லிவிட்டேன். பையனின் கிராஃப் நோட்டில் நான்கு தாள் கிழித்து, ஸ்கேல் வைத்து, இப்போது இருப்பது ஒன்று, வரப்போவது ஒன்று என இரண்டு படம் வரைந்தேன். பத்தாம் வகுப்பில் எலிவேஷன் வரைந்து நூற்றுக்கு நூறு வாங்கியவன் என்ற திமிர்.

ஒன்பது நாள் கழித்து நகராட்சியிலிருந்து திருத்தம் கேட்டுப் பதில் வந்தது. ஏழு குறிப்புகள். பெரியது இது: டாய்லெட்டின் நடுக்கோட்டிலிருந்து இரண்டு பக்கமும் 15 அங்குலமாவது இடம் வேண்டும், முன்னால் 24 அங்குலம். என் படத்தில் ஒரு பக்கம் 13-தான். நான் தப்பாக அளந்துவிட்டேனோ என்று ஓடிப்போய் அளந்தேன். சரியாகத்தான் அளந்திருக்கிறேன். முன்பு இங்கே குடியிருந்தவர்கள் யாரோ ஆசைப்பட்டுப் பெரிய சிங்க் அலமாரி வைத்திருக்கிறார்கள், அது டாய்லெட்டின் மீது சாய்ந்து நிற்கிறது. இத்தனை வருஷமும் அதில் முட்டியை ஒடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அது விதிமீறல் என்று உறைத்ததே இல்லை, எனக்குத்தான் தொடை பெருத்துவிட்டது என்று நினைத்திருந்தேன்.

மற்ற குறிப்புகளும் கணக்குதான். ஷவரின் உள்தரை 1024 சதுர அங்குலத்துக்குக் குறையக் கூடாது, அதற்குள் 30 அங்குல விட்டமுள்ள வட்டம் ஒன்று அடங்க வேண்டும். ஒரு மனிதன் குனிந்து நிமிர்ந்து திரும்புவதற்கான இடம் அது. தரைச் சரிவு அடிக்குக் கால் அங்குலமாவது வேண்டும். சுடுதண்ணீர் 120 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேல் வராதபடி வால்வு வேண்டும். இதை நான் மறந்தே போயிருந்தேன், ஆனால் அம்மாவுக்கு மிக முக்கியமானது. வீட்டில் இன்னொருவர் டாய்லெட்டை ஃப்ளஷ் செய்யும்போது ஷவரில் திடீரென்று கொதிநீர் பாயும் அனுபவம் பழைய வீட்டுக்காரர்கள் எல்லோருக்கும் இருக்கும். வயதானவர்கள் வழுக்கி விழுவது அப்படித் துள்ளும்போதும்தான்.

ஷவர் வாசலில் இருக்கும் வரம்பு டிரெயின் மட்டத்திலிருந்து 2 அங்குலத்துக்குக் குறையாமலும் 9 அங்குலத்துக்கு மிகாமலும் இருக்க வேண்டும் என்றார்கள். நாங்கள் குறைந்த பக்கத்தைப் பிடித்துக்கொண்டோம். 15 அங்குலச் சுவர் நான்கு அங்குலப் படியாக மாறியது.

படத்தைத் திருத்தி அனுப்பினேன். பெர்மிட் வந்தது. ஜன்னலில் ஒட்டி வைக்க ஒரு அட்டை. அம்மா அதைத் தொட்டுப் பார்த்தாள். "பாத்ரூமுக்குப் பட்டா வாங்கியிருக்கான்" என்று ஊரில் அக்காவிடம் போனில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

சுவரைப் பிரித்த நாள்

1978-க்கு முன் கட்டிய வீடு என்பதால் பெயிண்டில் ஈயம் இருக்கலாம், அதற்கான சான்றிதழ் பெற்றவர்கள்தான் பிரிக்க வேண்டும். பழைய சுவர்ப் பூச்சில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கிறதா என்று துணுக்கெடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பினோம். இல்லை என்று வந்தது. பிளாஸ்டிக் திரை கட்டி, முகமூடி போட்டுக்கொண்டு, காலை எட்டு மணிக்கு உடைக்கத் தொடங்கினார்கள்.

பத்தரைக்கு கான்ட்ராக்டர் என்னைக் கூப்பிட்டார். அவர் குரலிலேயே செலவு தெரிந்தது.

முதலில் எக்ஸாஸ்ட் ஃபேன். பதினோரு வருஷமாகச் சுவிட்சைப் போட்டால் உர்ரென்று ஓடுகிறது, ஆவியை வெளியே தள்ளுகிறது என்று நம்பிக்கொண்டிருந்தேன். அதன் குழாய் கூரைக்கு வெளியே போகவே இல்லை. பரணோடு நின்றுவிட்டது. எங்கள் வீட்டு வெந்நீர் ஆவி முழுவதும் பரணுக்குள் போய், கூரைப்பலகையின் அடிப்பக்கத்தைக் கரியாக்கியிருந்தது.

அடுத்து சுவருக்குள் ஒயர். இரண்டு ஒயர்களைக் கையால் முறுக்கி, கறுப்பு டேப் சுற்றி, பெட்டி எதுவும் இல்லாமல் அப்படியே விட்டு, மேலே சுவரை மூடி, அதன் மேல் அழகான நீல டைல் ஒட்டியிருக்கிறார்கள். டேப் காய்ந்து பிரிந்திருந்தது.

மூன்றாவது, டாய்லெட்டுக்குக் கீழே. இங்கே டாய்லெட்டுக்கும் குழாய்க்கும் நடுவே மெழுகு வளையம் ஒன்று வைப்பார்கள். அது எப்போதோ கசிந்து, கீழ்ப்பலகை ஊறிப்போய் விரலால் குத்தினால் பிட்டு மாதிரி உதிர்ந்தது.

அம்மா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். மெதுவாகக் கேட்டாள்: "நான் சிந்துன தண்ணியாலயால?"

"இல்லம்மா. இது பழசு. நீ வர்றதுக்கு பத்து வருஷம் முன்னாடியே ஊற ஆரம்பிச்சிருக்கு."

அவள் நம்பவில்லை. கான்ட்ராக்டரைப் பார்த்தாள். அவர் என்ன புரிந்துகொண்டாரோ, உதிர்ந்த பலகையில் வளையம் இருந்த இடத்தைச் சுற்றிக் கறுப்பு வட்டத்தை விரலால் வரைந்து காட்டினார். டப் இருந்த பக்கத்துப் பலகையைத் தட்டிக் காட்டினார். அது கெட்டியாக ஒலித்தது. அம்மா தலையாட்டினாள். இருவருக்கும் பொதுவான மொழி கிடையாது. ஆனாலும் அன்றைக்குப் பிறகுதான் அவள் அவருக்குத் தினம் காபி போட்டுக் கொடுக்க ஆரம்பித்தாள்.

நீல டைல் ஒட்டிய அந்தப் பழைய வேலை பற்றி நகராட்சிப் பதிவில் தேடிப்பார்த்தேன். பெர்மிட் எதுவும் இல்லை. கலிபோர்னியாவில் வீடு விற்கிறவர் நிரப்பித் தரும் படிவத்தில், அனுமதியில்லாமல் செய்த மாற்றம் ஏதாவது உங்களுக்குத் தெரியுமா என்று ஒரு கேள்வி உண்டு. நாங்கள் வாங்கியபோது அங்கே 'இல்லை' என்று இருந்தது. விற்றவருக்கே தெரியாமலும் இருந்திருக்கலாம். அவருக்கு முன்னால் இருந்தவர் செய்ததோ என்னவோ. டைலைப் பார்த்து யாரால் சொல்ல முடியும்?

டார்ச் லைட் அடித்தவர்

அழுகிய பலகையை மாற்றி, புதுக்குழாய் போட்டு, ஒயர் இழுத்து, ஃபேன் குழாயைக் கூரைக்கு வெளியே கொண்டுபோய், எலும்புக்கூடு மாதிரி மரச்சட்டங்கள் தெரிய அறை நின்றது. இந்த நிலையில் வருவதுதான் ரஃப் இன்ஸ்பெக்ஷன். இது முடியாமல் ஒரு பலகை கூட மூடக் கூடாது.

இன்ஸ்பெக்டர் காலை எட்டிலிருந்து பன்னிரண்டுக்குள் வருவார் என்றார்கள். நம் ஊரில் கேஸ் சிலிண்டருக்குக் காத்திருப்பது போலக் காத்திருந்தேன். பதினொன்றரைக்கு வந்தார். வயதானவர், சிரிப்பு இல்லை. வீடு பூரா நோண்டவும் இல்லை. நேரே பாத்ரூம் போய் டார்ச் லைட்டை எடுத்தார். குழாயின் சாய்வில் மட்டப்பலகை வைத்துப் பார்த்தார். சிங்க் பக்கத்து பிளக் பாயிண்டுக்குத் தனி 20 ஆம்ப் ஒயர் வருகிறதா என்று பின்தொடர்ந்து போனார். ஈரக் கை வழியே மின்சாரம் கசிந்தால் அதை அந்த நொடியே துண்டிக்கிற ஜிஎஃப்சிஐ வகை அங்கே கட்டாயம். பிறகு ஒரு சட்டத்தின் முன்னால் நின்று, விரலால் தொட்டு, "இங்கே ஒன்று, அங்கே ஒன்று" என்றார்.

விஷயம் சின்னது. மரச்சட்டத்தைத் துளைத்து ஒயர் போகிறது. ஓட்டை சட்டத்தின் விளிம்பிலிருந்து ஒன்றேகால் அங்குலத்துக்கும் குறைவான தூரத்தில் இருந்தால், அந்த இடத்தில் ஒரு இரும்புத் தகடு அடிக்க வேண்டும். இல்லாவிட்டால் நாளைக்கு யாராவது துண்டு மாட்ட ஸ்க்ரூ அடிக்கும்போது அது நேரே ஒயரில் இறங்கும். இரண்டு இடத்தில் தகடு விட்டுப்போயிருந்தது. தகடு விலை ஒரு டாலருக்கும் குறைவு. தேறவில்லை என்று எழுதிவிட்டார். மறுபடி தேதி வாங்கி, மறுபடி நான்கு மணி நேரக் காவல்.

எரிச்சல் தாங்காமல், "இப்பவே அடிச்சிடறோம், ரெண்டு நிமிஷம்தான்" என்று கெஞ்சிப் பார்த்தேன். அவர் பையை எடுத்துக்கொண்டே, "மூடின பிறகு வந்தால் எனக்கு டைல்தான் தெரியும். டைல் எல்லா வீட்டிலும் அழகாகத்தான் இருக்கிறது" என்றார்.

எனக்கு நீல டைல் நினைவுக்கு வந்தது. அதன் பிறகு கெஞ்சவில்லை.

அடுத்தது தண்ணீர் சோதனை. ஷவர் தரையில் நீர் இறங்காத படலம் போட்டு, டிரெயினை அடைத்து, வரம்பு வரை தண்ணீர் நிரப்பி, மட்டம் இறங்குகிறதா என்று பார்ப்பது. எங்கள் ஆள் முதல் நாள் மாலையே நிரப்பிவிட்டுப் போனார். சுவரில் பென்சிலால் கோடு. அம்மாவுக்கு இது உடனே புரிந்துவிட்டது. "தட்டட்டி காங்கிரீட் போட்டா பாத்தி கட்டித் தண்ணி நிப்பாட்டுவோம்லா, அந்த மாதிரி" என்றாள். ராத்திரி இரண்டு முறை எழுந்து வந்து கோட்டைப் பார்த்திருக்கிறாள். காலையில் என்னை எழுப்பிச் சொன்னாள்: "ஒரு நூல் இறங்கல."

எடுக்கப் போகிறவர்களுக்கு

கடைசிப் பரிசோதனைக்கு முன்னால் நான் கற்றதை எழுதிவிடுகிறேன்.

1. ஒப்பந்தத்தில் பெர்மிட் யார் பெயரில், யார் செலவில் என்று எழுதி வாங்குங்கள். "நீங்களே ஓனராக எடுத்துக்கொடுங்கள்" என்று கான்ட்ராக்டர் சொன்னால் ஏன் என்று கேளுங்கள். அப்படி எடுத்தால் பொறுப்பு முழுக்க உங்கள் தலையில்.

2. அவசர நிதியாகக் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள். பழைய வீட்டுச் சுவருக்குள் எதுவும் இருக்கலாம்.

3. சுவரை மூடுவதற்கு முன் ஒவ்வொரு பக்கத்தையும் டேப் அளவோடு படம் எடுத்து வையுங்கள். எந்தக் குழாய் எங்கே போகிறது என்பது பத்து வருஷம் கழித்துத் தங்கம்.

4. வயதானவர்கள் வீட்டில் இருந்தால், இப்போது கைப்பிடிக் கம்பி மாட்டாவிட்டாலும், மூடும் முன் சட்டங்களுக்கு நடுவே குறுக்குக் கட்டை அடித்துவிடுங்கள். வெறும் டைலில் மாட்டிய கம்பி துண்டு தாங்கும், ஆளைத் தாங்காது.

5. பெர்மிட் எடுத்தால் வேலை இந்த அறையோடு நிற்காது. 1994-க்கு முன் கட்டிய வீடு என்றால் மற்ற பாத்ரூம்களில் தண்ணீர் அதிகம் இழுக்கும் பழைய டாய்லெட்டையும் ஷவர் தலையையும் மாற்றச் சொல்வார்கள். படுக்கையறைப் புகை அலாரங்களையும் பார்ப்பார்கள்.

ஃபைனலுக்குப் பிறகு

ஃபைனல் பத்து நிமிஷத்தில் முடிந்தது. இன்ஸ்பெக்டர் ஃபேனைப் போட்டுக் கேட்டார், ஜிஎஃப்சிஐ பொத்தானை அழுத்தினார், கண்ணாடிக் கதவின் மூலையில் டெம்பர்டு முத்திரையைத் தேடினார், கைப்பிடிக் கம்பியைப் பிடித்து ஒரு இழு இழுத்தார், கையெழுத்துப் போட்டார். அவ்வளவுதான்.

அன்று மாலை அம்மா புதுக்குளியலறையில் முதல் குளியல். சுவர் ஏறாமல் நடந்து போனாள், கம்பியைப் பிடித்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தாள். ஷவரைத் திறந்து பார்த்துவிட்டு, "தூறலால போடுது, இதுல நனையதுக்குள்ள தீவாளி வந்துரும்" என்றாள். நிமிஷத்துக்கு 1.8 கேலன், ஏறக்குறைய 6.8 லிட்டர், அதற்கு மேல் விடும் ஷவர் தலையை இங்கே விற்கவே கூடாது. மூன்று நிமிஷத்துக்கு ஒரு பக்கெட் என்று கணக்கு சொன்னேன். "அப்ப பக்கெட்டையே கொண்டா" என்றாள். கொண்டுபோய் வைத்தேன்.

கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து அலறல். "ஏல, கரண்ட் போச்சு!"

கரண்ட் போகவில்லை. ஆள் நடமாட்டம் இல்லை என்றால் தானாக அணைந்துவிடும் சென்சார் சுவிட்ச். பாத்ரூமுக்கு அது விதி. கண்ணாடிக்குப் பின்னால் ஸ்டூலில் அசையாமல் உட்கார்ந்து சோப்புப் போடும் அம்மா அந்தச் சென்சாரின் கண்ணுக்கு ஆளே இல்லை. மறுபடி கதவுக்கு வெளியே நான், உள்ளே இருட்டில் அவள் கையை ஆட்டிக்கொண்டு.

இரண்டு நாள் அரசாங்கத்தைத் திட்டினேன். மூன்றாம் நாள் விதியை எடுத்துப் படித்தேன். ஒரு விளக்காவது சென்சாரில் இருக்க வேண்டும் என்றுதான் இருக்கிறது, எல்லா விளக்கும் என்று இல்லை. எல்லாவற்றையும் ஒரே சுவிட்சில் போட்டது எங்கள் சோம்பேறித்தனம். எலக்ட்ரீஷியன் வந்து ஷவர் விளக்கைத் தனிச் சுவிட்சுக்கு மாற்றினார். இப்போது நான் கதவருகே நிற்பதில்லை. பக்கெட் சத்தம் ஹாலுக்கே கேட்கிறது.

அடுத்த மாதம் அம்மா ஊருக்குக் கிளம்புகிறாள். நேற்றிரவு சொன்னாள்: "நம்ம வீட்டு பாத்ரூம்லயும் இதே மாதிரி ஒரு கம்பி போடச் சொல்லிருல. போடுததுக்கு முன்னால சுவத்துக்குள்ள என்ன இருக்குன்னு பாத்துக்கிடச் சொல்லு."

"அது செங்கல் சுவரும்மா. உள்ள செங்கல்தான் இருக்கும்."

"நீ பாத்தியால?"